வாழைக்காயின் நாடித்துடிப்பு

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது செஞ்சிக்கோட்டையில் ராஜகிரி ஏறினோம். நான், என் சித்தி மகன், அவனுடைய கல்லூரி நண்பன் ஒருவன். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்திருக்கும். அதைத் தாண்ட ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் கிட்ட நெருங்க முடியாது. ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் வந்து உட்கார்ந்து 1698வரை முற்றுகை போட வேண்டியிருந்ததற்கு இந்த மாதிரிச் சங்கதிகளும் ஒரு காரணம். அந்தப் பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, நிழல் விழுந்த படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது தம்பி போனைத் திருப்பிக் காட்டினான். 1,799 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச். கார்ட்டில் போட்டு வைத்திருந்தான்.

"ண்ணா, நீ இந்த ஃபீல்டுல இருந்தவன்தானே? வாங்கலாமா வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லு."

"வேணாம்."

"இன்னாண்ணா, இப்டிப் பட்டுனு சொல்ட்ட."

ஒரே வார்த்தை கேட்டவனுக்கு ஒரே வார்த்தை. ஆனால் முகம் விழுந்துவிட்டது. வேலை கிடைத்து இரண்டாவது சம்பளம், சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் அறை, மூன்று மாதத்தில் நான்கு கிலோ ஏறிவிட்டதாம். பாவமாக இருந்தது. இறங்கும்போது முழுக்கக் காரணங்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அதில் பாதி காற்றில் போயிருக்கும். அதை ஒழுங்காக எழுதிப் பார்ப்பதுதான் இது. வாங்காதீர்கள் என்பதே என் கட்சி. 'அவரவர் தேவையைப் பொறுத்தது' என்று முடிகிற விமர்சனங்கள் யூடியூபில் ஆயிரம் கிடக்கின்றன. வீடியோவுக்குக் கீழே வாங்குவதற்கான லிங்க்கும் இருக்கும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். கையில் கட்டுகிற பட்டைகளிலிருந்து வரும் தரவை வாங்கி, சுத்தம் செய்து, போனில் அழகான வளைகோடாகக் காட்டுகிற மென்பொருள். அந்த வளைகோட்டில் என் கையும் உண்டு.

முதலில் அந்தக் கருவி உண்மையில் எதைப் பார்க்கிறது? அடிப்பக்கத்தில் பச்சையாக மினுக்குகிறதே, அது தோலுக்குள் ஒளியை அனுப்புகிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை துடித்ததும் மணிக்கட்டில் ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வருகிற ஒளி கொஞ்சம் குறையும். அந்தக் கூடல் குறைச்சலை எண்ணினால் நாடித்துடிப்பு. ஆக்ஸிஜன் அளவுக்குச் சிவப்பும் அகச்சிவப்பும். இதுபோக, கை எப்படி ஆடுகிறது என்று பார்க்க ஒரு முடுக்கமானி. விலை கூடினால் ஜி.பி.எஸ்., காற்றழுத்தமானி. ஆக இரண்டாயிரம் ரூபாய் வாட்ச் பார்ப்பது இரண்டே விஷயம்: ஒளி, ஆட்டம். அவ்ளோதான். கலோரி, ஆழ்தூக்கம், மன அழுத்தம், 'உடல் வயது' எல்லாம் இந்த இரண்டிலிருந்தும், நீங்கள் பதிவு செய்யும்போது கொடுத்த உயரம் எடை வயதிலிருந்தும் கணக்குப் போட்டு ஊகிப்பது. ரீல்ஸ் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தால் தூக்கம் என்று எழுதிக்கொள்ளும். அந்த எண்ணைக் காலையில் பார்த்துவிட்டுத் 'தூக்கம் பத்தலையோ' என்று கவலைப்பட்டே தூக்கம் கெடுகிறவர்களுக்கு 2017இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊகிப்பதில் தப்பில்லை. வானிலை அறிக்கையும் ஊகம்தான். ஆனால் வானிலைக்காரர்கள் 'வாய்ப்பு உள்ளது' என்றாவது சொல்வார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு எழுதாத சட்டம் இருந்தது: திரையில் வெற்றிடம் வரக்கூடாது. பட்டை தளர்ந்துபோகும், வியர்வை புகும், கை வேகமாக ஆடும், சிக்னல் போய்விடும். நேர்மையாக அங்கே இரண்டு கோடு போட்டு 'தெரியவில்லை' என்று காட்டலாம். நாங்கள் முதலில் அப்படித்தான் காட்டினோம். கோடு தெரிந்தால் பயனர் கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார், ஒரு நட்சத்திரம் போடுகிறார் என்று மேலிடத்திலிருந்து வந்தது. ஆகவே முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் வைத்து நடுவில் நிரப்பினோம். அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். அப்போது அது ஒரு அழகான கணிதப் பிரச்சினையாகத்தான் தெரிந்தது. டெஸ்டிங்கில் ஒரு பையன் சுருட்டிய துண்டில் பட்டையைக் கட்டி வைப்பான். துண்டுக்கு 70, 75 என்று துடிப்பு வரும். எல்லாரும் சிரிப்போம். டிக்கெட் போட்டோம், அவசரமில்லை என்ற வரிசையில் அது கடைசிவரை கிடந்தது.

நாடித்துடிப்பு ஓரளவு சரியாக வரும் என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். 2017இல் ஸ்டான்ஃபோர்டில் 60 பேரிடம் ஏழு கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. ஆனால் எரித்த கலோரி? இருப்பதிலேயே நல்ல கருவிக்கு 27 சதவீதப் பிழை, மோசமானதற்கு 93. அவற்றில் பல பெரிய கம்பெனிகளின் கருவிகள். நம் ஆட்கள் பெரும்பாலும் கட்டுவது அதில் பத்தில் ஒரு பங்கு விலையில் கிடைப்பது. ஏறிய களைப்பில் தம்பியின் நண்பன் தன் வாட்சைப் பார்த்து "900 கலோரி போச்சு ப்ரோ" என்றான். இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அந்த 900ஐ நம்பி நாலு பரோட்டாவும் சால்னாவும் சொன்னான். அந்த 900 உண்மையில் 500ஆக இருக்கலாம். பரோட்டா மட்டும் ஊகமில்லை.

இந்த இடத்தில் பத்தாயிரம் அடி கதையைச் சொல்லாமல் போக முடியாது. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965இல், யமாசா தோகேய் என்ற ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் நடைமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'மான்போ-கேய்'. மான் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கேய் என்றால் மானி. பெயர் வைத்தது வியாபாரம். பத்தாயிரம் என்பதற்கான ஜப்பானிய எழுத்தே ஒரு ஆள் நடந்துபோகிற மாதிரி இருக்கும் என்பார்கள். ஆராய்ச்சியெல்லாம் பின்னால்தான் வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 72 வயதான 16,741 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவு. 7,500 அடியோடு அந்தப் பலன் சமமாகிவிட்டது. அதற்குமேல் நடந்தால் கெடுதல் இல்லை, கூடுதல் ஆயுளும் தெரியவில்லை. ஆனால் ஒரு விளம்பரப் பெயரின் எண் அறுபது வருடமாக உலகம் முழுக்க மணிக்கட்டில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒன்றாக நடைபாதைகளைத் தொடங்கியது. நீளம் 8 கிலோமீட்டர். ஒரு அடிக்கு 80 சென்டிமீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், அந்த ஜப்பான்காரர் வந்து நிற்பார். திட்டத்தைக் குறை சொல்லவில்லை. நடக்க ஒரு பாதை இருப்பது ஆயிரம் வாட்சைவிட மேல்.

அந்த அடிகளையாவது சரியாக எண்ணுகிறதா என்றால், செஞ்சிக்கு வாருங்கள். எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் வரத்து உச்சத்தில் இருக்கும்போது சுமை தூக்குகிறவர்களைப் பாருங்கள். மூட்டையைத் தலையில் வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, லாரிக்கும் குவியலுக்குமாக நாள் முழுக்க நடக்கிறார்கள். வாட்ச் அடியை எண்ணுவது கை வீச்சை வைத்து. கை மேலே மூட்டையைப் பிடித்திருந்தால் வீச்சு இல்லை. அடிகளில் பெரும்பங்கு கணக்கில் வராது. விடுமுறையில் வந்தபோது தெரிந்த அண்ணன் ஒருவரிடம் என் வாட்சைக் கட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தேன். முந்நூற்றுச் சொச்சம் காட்டியது. அவர் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. "இன்னாப்பா, இது நம்மள சோம்பேறின்னுதா?" என்று சிரித்தார். அதே வாட்சோடு திருவண்ணாமலை ரோட்டில், குண்டும் குழியுமான பகுதியில் பைக் ஓட்டினேன். உட்கார்ந்த இடத்திலேயே எண்ணூறு அடி நடந்திருந்தேன். சுமப்பவன் சும்மா இருக்கிறான், பைக்கில் போகிறவன் நடக்கிறான். இந்தக் கருவி யாருடைய உடலை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. அது ஏ.சி. அறையில் உட்கார்ந்து குற்ற உணர்ச்சிப்படுகிறவனுக்கானது. அதாவது எனக்கானது. தம்பிக்கானது.

இதுவரை சொன்னதெல்லாம் கிண்டல்தான். இவ்வளவு மட்டும்தான் என்றால் 'போகட்டும், ரெண்டாயிரம் ரூபாய்தானே, ஆசைக்குக் கட்டிக்கோ' என்று விட்டிருப்பேன்.

2022 தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். 2,199 ரூபாய். அந்த வருடம் எல்லாரும் வாங்கினார்கள். 2022இன் மூன்றாம் காலாண்டில் உலகிலேயே அதிக ஸ்மார்ட்வாட்ச் இறங்கிய சந்தை இந்தியா என்று கவுன்டர்பாயின்ட் நிறுவனம் கணக்குச் சொன்னது. பெட்டிமேல் சிவப்பாக ஒரு இதயம், அதன் குறுக்கே ஈ.சி.ஜி. கோடு. அப்பாவுக்கு அப்போது 64 வயது. 11 வருடமாகச் சர்க்கரை. தமிழ்நாட்டில் இது ஒன்றும் அதிசயமில்லை. 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இங்கே பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு, பக்கத்துப் புதுச்சேரியில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு.

அப்பா நெல் மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். எண்ணைக் கண்டால் எழுதிவைக்காமல் இருக்கமாட்டார். ஒரு நீள நோட்டு போட்டு, தேதி, அடி, துடிப்பு, ஆக்ஸிஜன் என்று நாலு பத்தி பிரித்து, தினம் காலையும் மாலையும் எழுத ஆரம்பித்தார். அம்மா போனில் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற அக்காவிடம் அவர், "எல்லாம் வாட்சுலயே இருக்குதும்மா, நீ மாத்திரைய மட்டும் குடுத்துட்டுப் போ" என்று சொல்ல ஆரம்பித்ததும் எனக்குத் தெரியும். அதையும் கேட்டுச் சிரித்தேன்.

2024 ஆடி மாதம் ஒரு விடியற்காலை அவருக்கு நெஞ்சு கரித்திருக்கிறது. தாடை வலி, வியர்வை. முந்தின நாள் ராத்திரி சாப்பிட்ட பூரி என்று நினைத்திருக்கிறார். சுடுதண்ணீர் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்திருக்கிறார். பிறகு நோட்டை எடுத்திருக்கிறார். அந்தப் பக்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. 5.40 — 84 — 98. 6.30 — 88 — 97. 7.15 — 82 — 98. கடைசி வரியில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மற்றபடி மண்டிக் கணக்கு மாதிரியே சுத்தமாக இருக்கிறது.

அம்மா 8.20க்கு எனக்குப் போன் செய்தார். "அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுதுடா, கேட்டா ஒண்ணுமில்ல, எல்லாம் நார்மல்னு வாட்சக் காட்றாரு." 108ஐக் கூப்பிடச் சொன்னேன். செஞ்சி, அங்கிருந்து முண்டியம்பாக்கம். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் கீழ்ப்பக்கத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. பம்ப்பிங் 42 சதவீதம். இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்கிறார். ராஜகிரியை அவர் இனிக் கீழிருந்துதான் பார்க்கவேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். அந்த வாட்ச் அன்று பொய் சொன்னது என்று என்னால் நிரூபிக்க முடியாது. 84 உண்மையான 84ஆகவே இருக்கலாம். மாரடைப்பின்போது துடிப்பும் ஆக்ஸிஜனும் இயல்பாக இருப்பது சாதாரணம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலிகூட மந்தமாகத்தான் தெரியும். தன் விலையுயர்ந்த வாட்ச் ஈ.சி.ஜி. எடுக்கும் என்று விளம்பரம் செய்கிற ஆப்பிளே, அதனால் மாரடைப்பைக் கண்டறிய முடியாது என்று எழுதிவைத்திருக்கிறது. அப்பா கேட்ட கேள்வி 'எனக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?' என்பது. வாட்ச் பதில் சொன்னது 'நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு?' என்ற வேறு கேள்விக்கு. ஆனால் அவருக்கு அது தன் கேள்விக்கான பதிலாகத்தான் கேட்டது. 'இது எனக்குத் தெரியாது, ஆளைக் கூப்பிடு' என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சொல்லக்கூடாது என்று வடிவமைப்பவர்கள் முடிவெடுக்கிறார்கள். அந்த அறையில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது மூன்று கிலோமீட்டர் தள்ளி ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு உடனே கொடுக்க அங்கே 14 மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. உள்ளே போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இந்த விஷயம் எனக்கும் பிறகுதான் தெரியும். வாட்சின் ஒவ்வொரு அம்சத்தையும் ஒப்பிட்டு ஒரு வாரம் ஆராய்ந்து வாங்கியவனுக்கு, பக்கத்தில் என்ன மாத்திரை இருக்கிறது என்று தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் துணி எடுக்க வந்த அன்று, சமையலறையில் சீப்பாக வாழைக்காய் இருந்தது. ஒன்றைப் பிய்த்து அப்பாவின் வாட்சை அதில் இறுக்கிக் கட்டினேன். பச்சை விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கியது. 76. நல்ல ஆரோக்கியமான துடிப்பு. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாட்சைக் கழற்றிவிட்டு வாழைக்காயை நறுக்கப் போய்விட்டார்.

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு இப்போது வாதங்கள் வரிசையாக வந்திருக்கும். வரட்டும். என் கட்சிக்கு எதிராக இருக்கிற நல்ல சான்றுகளையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் 'லான்செட் டிஜிட்டல் ஹெல்த்' இதழில் பல ஆய்வுத் தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. இந்தக் கருவிகளைக் கட்டினால் நாளொன்றுக்குச் சராசரியாக 1,800 அடி கூடுதலாக நடக்கிறார்கள், ஒரு கிலோ எடை குறைகிறது என்றது. இது நல்ல விஷயம், மழுப்ப மாட்டேன். ஆனால் அந்த ஆய்வுகள் பலவும் சில மாதங்களுக்கு நடப்பவை. ஆய்வில் சேர்ந்தவருக்கு இலக்கு உண்டு, கேட்க ஆள் உண்டு. உங்கள் அலமாரி இழுப்பறையில் ஆறு மாதத்துக்கு முன் சார்ஜ் தீர்ந்துபோன பட்டை எத்தனை கிடக்கிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள், பேசுவோம். பிட்ஸ்பர்கில் இரண்டு வருடம் நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. 18லிருந்து 35 வயதுக்குள் 471 பேர், அதாவது நீங்கள். எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. பாதிப் பேருக்குக் கூடவே கருவியும். முடிவில் கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ குறைந்தார்கள். கட்டாதவர்கள் 5.9. ஏன் என்பதை அவர்களே உறுதியாகச் சொல்லவில்லை. எனக்குப் பரோட்டாக் கடைதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று, ஆப்பிள் பணம் கொடுக்க ஸ்டான்ஃபோர்டு நடத்திய இதய ஆய்வு. 4,19,297 பேர். ஒழுங்கற்ற துடிப்பு என்று எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு. அவர்களில் ஒட்டுப்பட்டை ஈ.சி.ஜி. அணிந்து அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு உண்மையிலேயே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது. அறுபத்தைந்து தாண்டியவருக்கு, மருத்துவர் அந்தக் குறையைச் சந்தேகிக்கிறார் என்றால், அதற்கென்று அனுமதி பெற்ற விலையுயர்ந்த வாட்ச் உதவலாம். தனியாக இருக்கிற பாட்டி விழுந்தால் சேதி அனுப்புகிற வசதியும் வேண்டியதுதான். மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறவர் துடிப்பைப் பார்த்து வேகம் கூட்டிக் குறைக்கிறார், வாங்கட்டும். இவர்களுக்குத் தாங்கள் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று தெரியும். தம்பிக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியவில்லை. குத்தாமலேயே சர்க்கரை பார்க்கும் என்று விற்கிற வாட்சுகளைப் பற்றி மட்டும் வாதமே வேண்டாம். அப்படி எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அதைப் பார்த்து இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. இங்கே இன்னும் ஆன்லைனில் 'சுகர் வாட்ச்' என்று தேடினால் கொட்டுகிறது.

"என் தரவை எடுத்து என்ன பண்ணப் போறாங்க, நான் என்ன பெரிய ஆளா?" என்றான் தம்பி, இறங்கும் வழியில். நீ பெரிய ஆளில்லை என்பதுதான் பிரச்சினை. கூகுள் 210 கோடி டாலர் கொடுத்து ஃபிட்பிட்டை வாங்க முன்வந்தது பட்டைக்காக மட்டுமா? அமெரிக்காவில் ஜான் ஹான்காக் என்ற காப்பீட்டு நிறுவனம் 2018இல் தன் ஆயுள் காப்பீடு அனைத்தையும் இந்த மாதிரிக் கருவிகளோடு இணைக்கப்போவதாக அறிவித்தது. நம் ஊரிலும் அடிகளை எண்ணிப் பிரீமியத்தில் சலுகை தருகிற பாலிசிகள் வந்துவிட்டன. இன்று நடப்பவனுக்குச் சலுகை என்பார்கள். நாளைக்கு நடக்காதவனுக்கு அபராதம் என்று அதே கணக்கைத் திருப்பிப் போட அதிக நேரம் ஆகாது. நமது 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தரவுக்கென்று தனி வகைகூடக் கிடையாது; உங்கள் துடிப்பும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் அங்கே ஒரே தட்டில். விரும்பிக் கட்டுகிறவனின் கதை இது. விரும்பாமல் கட்டுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சண்டிகரில் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் கையில் ஜி.பி.எஸ். வாட்சைக் கட்டிவிட்டார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க. அவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். நம் நூறு நாள் வேலைப் பெண்கள் 2023 ஜனவரியிலிருந்து நாளைக்கு இரண்டு தடவை இடக்குறியோடு போட்டோவில் நிற்க வேண்டியதாயிற்று. படம் ஏறவில்லை என்றால் கூலிக்குத்தான் அடி. எண்ணப்படுவதைக் காசு கொடுத்து வாங்குகிற ஒரே வர்க்கம் நாம்தான்.

சரி, 1,799ஐ வைத்து என்னதான் வாங்குவது? தம்பிக்கு நான் சொன்னது இது. ஏறக்குறைய அதே காசில் மேல்கையில் கட்டுகிற நல்ல டிஜிட்டல் பிரஷர் கருவி வரும். மணிக்கட்டு வகை வேண்டாம், மேல்கை. அதைச் சித்தப்பாவுக்கு வாங்கிக் கொடு, அவருக்கு ஐம்பத்தெட்டு. மிச்சத்தைப் போட்டு மூன்று மாதச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி பரிசோதனையை அவருக்கும் உனக்கும் ஒருமுறை எடு. சில நூறு ரூபாய்தான். வீட்டில் எல்லாருக்கும், நெஞ்சு கரிப்பும் தாடைவலியும் வியர்வையும் சேர்ந்து வந்தால் எந்த எண்ணையும் பார்க்காமல் 108 என்று சொல்லிவை. அதற்குக் காசே வேண்டாம். உன் நாலு கிலோவுக்கு, அறையிலிருந்து ஆபீசுக்கு ஷேர் ஆட்டோவில் போகிற அந்த ஒன்றரைக் கிலோமீட்டரை நடந்து போ. எத்தனை அடி என்று எனக்கும் சொல்லாதே, உனக்கும் சொல்லிக்கொள்ளாதே.

"போண்ணா, ஷேர் ஆட்டோல வர்றப்பதான் பாட்டே கேக்கறேன்" என்றான். நடந்துகொண்டும் கேட்கலாம் என்றேன். கார்ட்டிலிருந்து எடுத்தானா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாத்திரை அக்கா வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டியிருந்தார். அக்கா பட்டையைச் சுற்றி, அது காற்றடித்து முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டு, 130க்கு 84 என்றார். "உப்பக் கொறச்சிருக்கீங்களா?" "கொறச்சிருக்கேன்மா." "ஊறுகா?" அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

நீட்டாத கையில் அந்த வாட்ச் இருந்தது. நான்தான் போனிலிருந்து செயலியை நீக்கி, துடிப்பு, ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தேன். ஏன் இன்னும் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ராத்திரி எழுந்தால் லைட் போடாமல் மணி தெரிகிறது, அம்மா தூக்கம் கெடாது என்றார்.